அம்மாவின் பழைய பட்டுப்புடவை: எடைக்குப் போடுவதா, வீட்டில் வாழ விடுவதா?

'பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம். கிழிந்தது, நைந்தது, சாயம் போனது எதுவானாலும் சரி. உடனடி பணம்.' தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸாகவோ, தெருவில் போகிற ஆட்டோவின் ஒலிபெருக்கியிலோ, இப்போது இன்ஸ்டாகிராம் விளம்பரமாகவோ இதைப் பார்த்திருப்பீங்க.

அதே இன்ஸ்டாகிராமில் அடுத்த ரீலைத் தள்ளினால் வீட்டு அலங்கார வீடியோ வரும். கட்டம் போட்ட சோபா, மேலே பூப்போட்ட குஷன், கீழே கோடு போட்ட விரிப்பு, சுவரில் ஒரு பழைய பட்டுத்துணி. 'மேக்ஸிமலிசம்', 'பேட்டர்ன் லேயரிங்', 'விண்டேஜ் டெக்ஸ்டைல்' என்று ஹேஷ்டேக் போட்டிருப்பார்கள். கமென்ட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'லிங்க் ப்ளீஸ்'.

லிங்கைத் தட்டினால் மயில், யானை, மாங்காய் எல்லாம் பாலியஸ்டரில் டிஜிட்டல் பிரின்ட் ஆகி வந்த குஷன் உறை. அதன் அசல் நம்ம வீட்டு பீரோவில், மேல் தட்டில், மஞ்சள் பையில் கிடக்கிறது. அசலை எடைக்குப் போட்டுவிட்டு நகலை ஆன்லைனில் வாங்குகிறோம். இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

பழைய புடவையை ஏன் வாங்குகிறார்கள்?

புடவைக்காக இல்லை, ஜரிகைக்காக. அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகட்டுக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. அதனால் பழைய அசல் ஜரிகைப் புடவையில் கணிசமான வெள்ளி இருக்கும். வாங்கியவர்கள் துணியை எரித்து, சாம்பலில் இருந்து வெள்ளியைப் பிரிப்பார்கள். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த வியாபாரமும் சூடுபிடிக்கும்.

செம்பு ஜரிகையும் பிளாஸ்டிக் இழை ஜரிகையும் பின்னாட்களில் பரவலாக வந்துவிட்டன. அதனால் நம்ம தலைமுறையின் கல்யாணப் புடவையில் பலவற்றுக்கு இந்தச் சந்தையில் மதிப்பே கிடையாது. பாட்டி, அம்மா காலத்துப் புடவைகளுக்குத்தான் கிராக்கி. அதாவது, எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதுதான் முதலில் போகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்களுக்குக் கிடைக்கும் காசு உலோகத்துக்கு மட்டும்தான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று மூன்று நாடா ஓட்டி, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டையும் கோர்த்து நெய்வது 'கோர்வை'. நெசவாளர் ஒருவரால் தனியாக முடியாது, பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். முந்தியின் நிறம் மாறும் இடத்தில் பாவு நூல்களை ஒவ்வொன்றாகப் புதிய பாவோடு இணைப்பது 'பிட்னி'. இந்த உழைப்புக்குத் தராசில் எடை கிடையாது. அசல் ஜரிகை கோர்வைப் புடவையைத் திரும்ப நெய்து வாங்க இன்றைக்கு எவ்வளவு ஆகும் என்று காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் விசாரித்துப் பாருங்க. எடைக்குக் கிடைத்த தொகையோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும்.

'பேட்டர்ன் லேயரிங்' யாரோட ஐடியா?

வடிவத்தின் மேல் வடிவம், நிறத்தின் மேல் நிறம் என்று வீட்டை நிரப்புவது ஏதோ லண்டன் ஸ்டைல் மாதிரி பேசப்படுகிறது. லண்டனுக்கு அந்தத் துணி போனதே நம்ம கரையில் இருந்துதான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிகள் ஐரோப்பிய வீடுகளில் கட்டில் திரையாகவும் சுவர்த் தொங்கலாகவும் போயின. அங்கே அதன் பெயர் 'சின்ட்ஸ்'. கழுவினாலும் போகாத நிறம் என்பது அன்றைக்கு ஐரோப்பியர்களுக்குப் பெரிய அதிசயம்.

மோகம் எந்த அளவுக்குப் போனது என்றால், உள்ளூர் நெசவுத் தொழிலைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686-ல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. பிரிட்டன் 1721-ல் கொண்டுவந்த சட்டம் உடுப்பதை மட்டும் தடுக்கவில்லை. வீட்டு விரிப்பு, திரை, நாற்காலி உறை என்று எதிலும் அச்சிட்ட பருத்தி கூடாது என்றது. லண்டனின் புகழ்பெற்ற நாடக நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்குப் பரிசாக வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் திரைகளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்த கதையும் உண்டு. அந்தத் திரைகள் இன்றைக்கு லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிறகு காற்று மாறியது. 1996-ல் ஐக்கியா நிறுவனம் பிரிட்டனில் ஒரு விளம்பரம் ஓட்டியது. வீட்டில் இருக்கும் சின்ட்ஸை எல்லாம் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் அதன் கோஷம். வெள்ளைச் சுவர், வெளிர் மரம், ஒரே நிறத்தில் சோபா என்ற ரசனை அதன்பின் உலகமெங்கும் பரவியது. நம்ம அப்பார்ட்மென்ட்களில் இருக்கும் பழுப்பு, சாம்பல், 'ஆஃப் ஒயிட்' எல்லாம் அந்த வரிசையில் வந்ததுதான். இப்போது காற்று மறுபடி திரும்புகிறது. டிரெண்ட் எப்படியும் மாறும். டிரெண்டுக்காக எரித்த புடவை மட்டும் திரும்ப வராது.

புடவையே ஒரு பாடம்

'இத்தனை டிசைனைச் சேர்த்தால் வீடு துணிக்கடை மாதிரி ஆகிடாதா?' நியாயமான பயம். ஆனால் இதற்கு ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் இன்டீரியர் டிசைனர் தேவையில்லை. ஒரு புடவையை விரித்துப் பாருங்க.

உடல்தான் அதிகம், அது அமைதியாக இருக்கும். கரை எடுப்பாக இருக்கும், ஆனால் குறுகலாக. முந்தியில்தான் எல்லா ஆட்டமும், அது ஒரு ஓரத்தில் மட்டும். இந்த விகிதம்தான் ரகசியம். அறையின் பெரும்பகுதி உடல். திரை, விரிப்பு போன்றவை கரை. ஒரே ஒரு இடம் முந்தி. எல்லா மூலையிலும் முந்தி வைத்தால்தான் அது துணிக்கடை.

இரண்டாவது விதி, வடிவத்தின் அளவு வேறுபட வேண்டும். பெரிய கட்டத்தோடு அதே அளவு பெரிய பூவைச் சேர்த்தால் இரண்டும் சண்டை போடும். பெரிய கட்டம், நடுத்தரக் கோடு, சின்னப் புள்ளி என்றால் ஒன்றுக்கொன்று இடம் விடும். மூன்றாவது விதி, ஏதாவது ஒரு நிறம் எல்லாவற்றிலும் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

நம்ம ஊர்த் துணிகளிலேயே ஒரு செட் சொல்கிறேன். தரையில் பவானி ஜமக்காளம், அது தடித்த வண்ணக் கோடு. திவானின் மேல் செட்டிநாட்டுக் கண்டாங்கி, அது கட்டம். தலையணை உறைகளுக்கு மதுரை சுங்குடி, அது புள்ளி. சுவரில் ஒரே ஒரு பட்டுப் புடவையின் முந்தி. நான்கிலும் அரக்குச் சிவப்பு எங்காவது ஒரு இழை ஓடினால் போதும், அறை ஒன்றாகச் சேர்ந்துவிடும். இன்னொரு பக்கம் பத்தமடைப் பாய் ஒன்றைச் சும்மா விரித்துவிட்டால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். இதில் ஜமக்காளம், கண்டாங்கி, சுங்குடி, பத்தமடைப் பாய், காஞ்சிப் பட்டு எல்லாமே புவிசார் குறியீடு பெற்றவை.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு இது ஏன் முக்கியம்?

பெயின்ட் அடிக்கக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. அடித்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். பதினொரு மாத ஒப்பந்தம், அடுத்த வருஷம் இந்த வீடா வேற வீடா என்றே தெரியாது. வேலைக்காக ஊர் மாறி வந்து, வெள்ளை டைல்ஸும் டியூப்லைட்டுமாக இருக்கும் வீட்டில் வாழ்கிற ஒருத்தருக்கு, மடித்து எடுத்துப் போகக்கூடிய ஒரே சுவர் துணிதான்.

செலவும் அதிகமில்லை. இருப்பதை வைத்துத் தொடங்குகிறோம். திரைக்கம்பி ஏற்கெனவே இருக்கும். புத்தக அலமாரி, கட்டிலின் தலைப்பக்கம், நாற்காலியின் முதுகு எல்லாமே ஆணி இல்லாமல் துணி தாங்கும் இடங்கள். வெறும் ஹாலில் ஒலி எதிரொலிக்கும் தொல்லையும் துணி சேரச் சேரக் குறையும். வீட்டிலிருந்து வேலை பார்த்து, மீட்டிங்கில் பேசுகிறவர்களுக்கு இது தனி லாபம்.

வெட்டலாமா, வெட்டக் கூடாதா?

இங்கேதான் இரண்டு கட்சி. 'பட்டுப்புடவையில் கத்தரி வைப்பது பாவம்' என்பது ஒன்று. 'பீரோவில் தூங்குவதற்கு வெட்டிக் குஷன் தைத்தால் என்ன' என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி சரி.

துணியை மறுபடி மறுபடி பயன்படுத்துவது நமக்குப் புதுசில்லை. அம்மாவின் பருத்திப் புடவைதான் குழந்தைக்குத் தூளி. பழைய பட்டுப்புடவை பாவாடை சட்டையானது. நைந்த வேட்டி பிறந்த குழந்தையைச் சுற்றும் துணியானது. அதற்குப் பிறகுதான் கைப்பிடித் துணி, தரை துடைக்கும் துணி. ஒவ்வொரு கட்டத்திலும் துணியின் வயதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். அதே முறையில் பீரோவைக் காலி செய்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்வேன்.

முதல் குவியல், முழுசாக இருப்பவை. கோர்வை பிரியாமல், ஜரிகை கறுக்காமல், இன்னும் கட்டக்கூடிய நிலையில் இருக்கும் புடவை. இதை வெட்டாதீங்க. கட்டுங்க, அல்லது முழுசாகவே விரித்துப் பயன்படுத்துங்க. ஒரு தடவை வெட்டினால் அது மறுபடி புடவை ஆகாது.

இரண்டாவது, பாதி போனவை. மடிப்பில் கீறல் விட்டது, உடல் நைந்து கரை மட்டும் நன்றாக இருப்பது. இதற்குத்தான் கத்தரி. கரையைத் திரையின் ஓரத்தில் தைக்கலாம். முந்தியைச் சட்டம் போடலாம்.

மூன்றாவது, தொட்டாலே கிழிபவை. இதில் குஷன் தைத்தால் ஒரே மாதத்தில் போய்விடும். ஒரு கையளவு நல்ல பகுதியைச் சட்டத்துக்குள் வைத்துவிட்டு மீதியை என்ன செய்வது என்பது உங்க இஷ்டம். இதை எடைக்குப் போட்டால்கூடத் தப்பில்லை என்பேன்.

எந்தக் குவியலாக இருந்தாலும் கத்தரியை எடுக்கும் முன் புடவைக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிடுங்க. நமக்கு அது டெக்ஸ்டைல். அம்மாவுக்கு அது நிச்சயதார்த்தம்.

துணியைக் கொல்லும் விஷயங்கள்

ரீல்ஸ் சொல்லித்தராத பகுதி இது. அலங்காரம் என்ற பெயரில் பழைய துணியை ஆறே மாதத்தில் காலி செய்துவிட முடியும்.

வெளிச்சம்தான் முதல் எதிரி. அருங்காட்சியகங்களில் பழைய துணிகளைச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். நம்ம வீட்டு ஜன்னலோரத்தில் பகல் வெளிச்சம் சாதாரணமாக ஆயிரங்களைத் தாண்டும். வெளுத்த சாயத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. எனவே பட்டை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீங்க, ஜன்னல் திரையாகவும் போடாதீங்க. மூன்று மாதம் ஒரு துணி, அடுத்த மூன்று மாதம் வேறு துணி என்று சுழற்றுங்க. துணிக்கும் ஓய்வு, வீட்டுக்கும் புது முகம்.

அடுத்தது எடை. ஜரிகை நிறைந்த புடவையை நான்கு பின்னில் தொங்கவிட்டால் அந்த நான்கு புள்ளிகளில் கிழியும். உருட்டையான கம்பின் மேல் இரண்டு பக்கமும் சமமாக விழும்படி போடுங்க. சுவரில் தொங்கவிட்டே ஆக வேண்டும் என்றால், பின்னால் ஒரு பருத்தித் துணியைத் தளர்வாகத் தைத்து, கம்பு நுழையும் உறையை அந்தப் பருத்தியில் வையுங்க. சுமையைப் புதுத் துணி தாங்கட்டும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். நனைந்த பட்டின் வலிமை குறையும். நைந்த பட்டை வாளியில் முக்குவது ஆபத்து. பருத்தியாக இருந்தால் முதலில் ஓரத்தை ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்க, நிறம் ஏறினால் தனியாகத்தான் துவைக்க வேண்டும். ஒருகாலத்தில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணி சாயம் விட்டதால், அதையே பெருமையாக்கி 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று விற்றார்கள். உங்க வெள்ளை பெட்ஷீட்டுக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

ஜரிகை கறுப்பதற்குக் காரணம் வெள்ளி கந்தகத்தோடு சேர்வது. வியர்வை, சென்ட், ரப்பர் பேண்ட் எதுவும் அதன்மேல் படக் கூடாது. அந்துருண்டையை நேரடியாகப் புடவைக்குள் போடாதீங்க. வசம்பையோ வேப்பிலையையோ துணிப் பொட்டலமாகக் கட்டி ஓரத்தில் வைக்கலாம். பிளாஸ்டிக் கவரில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும், அதுவும் சென்னைக் காற்றில் சொல்லவே வேண்டாம். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தால் போதும். கஞ்சி போட்ட பருத்தியை அப்படியே வருஷக்கணக்கில் அடுக்கி வைத்தால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து.

சட்டம் போடுகிறவர்கள் கண்ணாடி துணியைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்க. அட்டை அமிலம் இல்லாததாக இருக்கட்டும். துணியை ஒட்டவே கூடாது, தையல்தான்.

'விண்டேஜ்' என்ற லேபிளை நம்பலாமா?

'விண்டேஜ்' என்ற சொல்லுக்கு இந்தியச் சந்தையில் எந்தச் சட்டக் கட்டுப்பாடும் இல்லை. போன வருஷம் நெய்ததையும் அப்படி விற்கலாம். வங்காளத்துக் கந்தா விரிப்புகளை எடுத்துக்கொள்ளுங்க. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது அந்த மண்ணின் அழகான வழக்கம். பழைய புடவையை வைத்து இந்த மாதம் தைத்த விரிப்பும் 'விண்டேஜ் கந்தா' என்றே விற்கப்படுகிறது. துணி பழசு, பொருள் புதுசு. அது தப்பில்லை, ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும்.

வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. நெய்த டிசைன் என்றால் பின்பக்கத்தில் நூல் ஓட்டம் தெரியும். பிரின்ட் என்றால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். புதுசாக ஜமக்காளம் வாங்குகிறீர்கள் என்றால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்க. 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளமும் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள்தான். நடைமுறையில் விசைத்தறி நகல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்குப் பழைய துணி வாங்கி அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நூறு வருஷத்துக்கு மேல் பழமையான கைவினைப் பொருட்கள் 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை இஷ்டத்துக்கு நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.

எதிர்க்கேள்வி: பழசையே சுற்றிச்சுற்றி வந்தால் நெசவாளர் என்ன செய்வார்?

இது நல்ல கேள்வி. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலானோர் பெண்கள். எல்லாரும் பழைய புடவையிலேயே வீட்டை நிரப்பினால் அவர்களுக்கு வேலை ஏது?

என் பதில் இதுதான். பழைய துணியோடு தினமும் வாழ்கிறவருக்குத்தான் புதுத் துணியின் தரம் கண்ணில் படும். கோர்வை எப்படி இருக்கும் என்று விரலால் தடவிப் பார்த்தவர், ஒட்டுக்கரையைக் காட்டி ஏமாற்றினால் கண்டுபிடிப்பார். சுவரில் ஒரு காஞ்சி முந்தியை வைத்திருப்பவருக்கு, அதன் கீழே விரிக்க 300 ரூபாய் பாலியஸ்டர் ரக் பொருந்தாது என்பது தானாகவே தெரிந்துவிடும். அங்கேதான் பவானிக்கும் மதுரைக்கும் ஆர்டர் போகிறது. அலங்காரத்துக்கு ஒரு பழசு, தினப் பயன்பாட்டுக்கு ஒரு புதுக் கைத்தறி என்று இரண்டும் சேர்ந்தே போகலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவசரத்துக்குப் பட்டுப்புடவையை விற்கிற குடும்பங்களுக்கு இந்தக் கட்டுரை உபதேசம் செய்யவில்லை. ஸ்கூல் ஃபீஸா, புடவையா என்றால் ஃபீஸ்தான். ஆனால் சம்பளமும் ஆன்லைன் ஷாப்பிங் பழக்கமும் இருக்கிற நாம், இடத்தை அடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை அனுப்பிவிடுவது வேறு விஷயம்.

அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யுங்க. பீரோவைத் திறந்து ஒவ்வொரு புடவையாக எடுத்து, யாருடையது, எந்த ஊரில், எதற்காக வாங்கியது என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்க. போனில் ஒரு போட்டோ எடுத்து, சொன்னதை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தப் புடவையைச் சுற்றிய துணிக்கு மேலே கட்டி வையுங்க. எதை மாட்டுவது, எதை வெட்டுவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம் முடிவு செய்யலாம்.